ஜவ்வு ஆபரேஷனுக்கு அப்புறம் பத்து மாதம் ஏறி இறங்கிய பிசியோ சென்டர்

ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டி ஆபரேஷன் பண்ணினவர்கள் வந்துபோகிற இடத்தை முதல் மாடியில் வைத்து, லிப்டும் இல்லாமல், பத்தொன்பது படி ஏறி வா என்றால் அது என்ன நியாயம்? எண்ணித்தான் சொல்கிறேன், பத்தொன்பது. இரண்டு பக்கமும் க்ரட்ச் ஊன்றிக்கொண்டு, பின்னால் அம்மா "பாத்துடா, பாத்துடா" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு வர, முதல் நாள் ஏறியபோது ஒவ்வொரு படியும் தெரிந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்பதைக்கூட அந்தப் படியில் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மற்றபடி இந்த இடம் எனக்குச் செய்ததைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. "கால்பந்து ஆடுகிறவன் போகலாமா, வேலைக்கு ஆகுமா" என்று போனில் கேட்கிற ஜூனியர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கல்லூரி டீமில் இடது விங். ஊர் மதுரைப் பக்கம் சோழவந்தான். போன ஆவணியில் காலேஜ்களுக்கு இடையேயான மேட்ச் ஒன்றில், மழை பெய்யாமல் தரை கல்லு மாதிரி கிடந்த நேரத்தில், பந்தை உள்ளே வெட்டித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பூட்ஸ் அடியில் இருக்கிற ஸ்டட் தரையில் பிடித்துக்கொண்டதால் பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம், எனக்கே காதில் கேட்டது. யாரும் என்னைத் தொடவே இல்லை, அதனால் ரெஃப்ரி விசிலும் ஊதவில்லை, நடிக்கிறான் என்று எதிர் டீம்காரன் சிரித்தான். ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கிற முன் ஜவ்வு, பெரும்பாலும் இப்படித்தான் போகும், யாரும் இடிக்காமலே, வேகத்தைக் குறைத்துத் திரும்புகிற அந்த ஒரு நொடியில், என்று பிறகுதான் தெரிந்தது. ராத்திரிக்குள் முட்டி பலூன் மாதிரி வீங்கிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு அண்ணன் வந்து "ஒண்ணுமில்லடா, உதறி விடு" என்று காலைப் பிடித்து இழுத்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். தயவுசெய்து யாரும் இழுக்காதீர்கள்.

ஊரில் எண்ணெய்க் கட்டு, பாட்டி வைத்த முட்டை வெள்ளைக்கரு உளுந்து மாவுப் பத்து எல்லாம் இரண்டு வாரம் நடந்தது. வீக்கம் வடிந்ததும் நடக்க முடிந்தது. நடக்க முடிகிறதே, அப்புறம் என்ன என்று மைதானத்துக்குப் போய் லேசாக ஓடிப் பார்த்தேன், திரும்பும்போது முட்டி தனியாகக் கழன்று நகர்ந்தது. எம்ஆர்ஐ எடுத்தால் முன் ஜவ்வு முழுசாகக் கிழிந்திருக்கிறது, நல்லவேளை மெனிஸ்கஸ், முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு, தப்பித்தது. துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன். பின்தொடையிலிருந்து இரண்டு தசைநாண்களை எடுத்து, மடித்து நாலு இழையாக்கி, கயிறு திரித்த மாதிரி செய்து, தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளை போட்டு உள்ளே கோர்த்தார்கள். புரட்டாசியில் நடந்தது அது. பணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போன கதை வேறு, அதை விடுங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று வாரம் நான் இங்கே வரவில்லை. வீட்டுக்குப் பக்கம் என்று இன்னொரு இடத்துக்குப் போனேன், அங்கே என்ன செய்தார்கள் என்றால் இருபது நிமிடம் கரண்ட் வைப்பார்கள், பத்து நிமிடம் சூட்டு ஒத்தடம், "வீட்ல போய் ரெஸ்ட் எடுங்க தம்பி", அவ்வளவுதான், காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வீங்கிக் கிடக்கிற முட்டியில் சூடு வைத்தால் அது எப்படி வடியும்? நானும் கேட்கவில்லை. வலி இல்லாமல் முப்பது நிமிடம் படுத்திருக்கலாம் என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் செக்கப்புக்குப் போனபோது சர்ஜன் காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். முட்டி நீட்ட வரவில்லை, பதினைந்து டிகிரி மடங்கியே நிற்கிறது, இப்படியே இறுகினால் மறுபடி உள்ளே போய்த்தான் இறுக்கத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். அன்று சாயந்திரமே காலேஜ் சீனியர் ஒருவர் சொல்லி இங்கே வந்து படி ஏறினேன்.

முதல் நாள் யாரும் என் முட்டியில் எந்த மெஷினையும் வைக்கவில்லை. பிசியோ அக்கா பழைய பேப்பர்களை எல்லாம் வாங்கி வாசித்தார், முக்கியமாக டிஸ்சார்ஜ் சீட்டில் எங்கிருந்து கிராஃப்ட் (ஜவ்வுக்குப் பதிலாக வைக்கிற தசைநாண்) எடுத்தார்கள், மெனிஸ்கஸில் தையல் உண்டா என்பதை. தையல் போட்டிருந்தால் கணக்கே வேறாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்கு அப்படித்தான், அவனை ஆறு வாரம் காலை முழுசாக ஊன்ற விடவில்லை, எனக்கோ க்ரட்சை எப்போது தூக்கிப் போடப் போகிறாய் என்று விரட்டினார்கள். கோணமானி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து முட்டி எவ்வளவு நீளுகிறது, எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார். முட்டிக்கு மேலே டேப் வைத்து இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார். நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். மூன்றே வாரத்தில் என் தொடை எங்கே போனது என்று எனக்கே அதிர்ச்சி. "முட்டிக்குள்ள வீக்கம் இருந்தா தொடைத் தசைக்கு வர்ற உத்தரவையே உடம்பு அமுக்கி வச்சிரும் தம்பி, நீ இறுக்கணும்னு நெனச்சாலும் இறுகாது" என்றார். அது அப்படியேதான் இருந்தது, தொடையை இறுக்கு என்றால் நான் பல்லைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கரண்ட் வைத்தார்கள், அதுவும் வேறு கரண்ட். வலிக்கு வைப்பது ஒன்று, தசையைச் சுருங்க வைப்பது இன்னொன்று. இது தொடையில் வைத்து, கரண்ட் இழுக்கும்போது நீயும் சேர்ந்து இறுக்கு என்று பத்துப் பத்தாகச் செய்யவைப்பது. ஆகவே கரண்டே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எதற்கு வைக்கிறீர்கள் என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முட்டியை நீட்ட வைத்தது ஒரு சாதாரண வேலை. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டு, மேலே எடை. வீட்டில் எடைக்கு எங்கே போவது என்றேன். "கடையில ரெண்டு கல் உப்புப் பாக்கெட் வாங்கு, ஒவ்வொண்ணும் ஒரு கிலோ" என்றார். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலு தடவை. டிவியில் சீரியல் ஓட, அம்மா விளம்பர இடைவேளையை வைத்து நேரம் பார்ப்பார். அழுதிருக்கிறேன். ஆனால் ஏழாவது வாரம் ஸ்கேலில் பூஜ்யம் காட்டியது. ரப்பர் பேண்ட் வாங்கச் சொல்லாமல், சைக்கிள் கடையில் பழைய ட்யூப் வாங்கி வெட்டிக்கொள் என்றதும் இவர்கள்தான். விற்கிற பொருள் எதையும் என் தலையில் கட்டவில்லை, அதைக் குறிப்பிட்டுச் சொல்லணும்.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அக்காவிடம் கேட்டேன். "குடி, நல்லாத்தான இருக்கும். ஆனா தசை வளரணும்னா முட்டையும் பருப்பும் மீனும் தினம் உள்ள போகணும், சூப்புத் தண்ணி மட்டும் போதாது" என்றார். இரண்டும் நடந்தது.

இனி இந்த ரிவ்யூவை நான் எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அந்த விஷயம்.

மூன்றாவது மாதம் எனக்கு வலியே இல்லை. நடை சரியாகிவிட்டது, படியில் கைப்பிடியைத் தொடுவதில்லை, பைக் ஓட்டினேன். இந்த நேரத்தில்தான் எல்லோரும் பிசியோவை நிறுத்துகிறார்கள், நானும் நிறுத்தத்தான் இருந்தேன். அன்றைக்கு அக்கா ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார். உள்ளே வைத்த தசைநாண் ஒரு ஒட்டுச்செடி மாதிரி. எடுத்த இடத்தில் அதற்கு ரத்த ஓட்டம் இருந்தது, வெட்டி வைத்தபோது அது அறுந்துவிட்டது. முதலில் அது சத்திழந்து போகும், அப்புறம் மெல்ல மெல்ல புது ரத்தக்குழாய் உள்ளே வளர்ந்து, அது ஜவ்வாக மாறிவரும். ஆக, ஆபரேஷன் பண்ணின அன்று இருந்த பலம்கூட இரண்டு மூன்று மாதம் ஆகும்போது அதற்கு இருக்காது. வலி போகிற நேரமும் ஜவ்வு ரொம்ப நோஞ்சானாக இருக்கிற நேரமும் ஒன்றாக வருகிறது. சர்ஜனிடம் ஐந்து நிமிடம் கிடைக்கிற செக்கப்பில் இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, சொன்னாலும் நாம் கேட்கிற நிலையில் இருப்பதில்லை. அந்தக் கோடு போட்ட பேப்பரை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஆறாவது மாதம், பங்குனி. கோடை செவன்ஸ், ஏழு பேர் ஆடுகிற போட்டி, வரப்போகிறது, பசங்க வாட்ஸ்அப்பில் என் பேரை டீமில் போட்டே விட்டார்கள். நேராக ஓடிக்கொண்டிருந்தேன், சைக்கிளில் நாற்பது நிமிடம் போகிறேன், ஆடினால் என்ன என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அக்கா சண்டை போடவில்லை. "சரி, தாவிக் காட்டு" என்றார். தரையில் டேப் ஒட்டி, ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குறுக்கே மூன்று தாவல், அப்புறம் ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் எத்தனை நொடியில் கடக்கிறேன் என்பது. நல்ல காலோடு ஒப்பிட்டு நூற்றுக்கு எத்தனை என்று போடுவார்கள், 90-க்கு மேல் வேண்டும். எனக்கு 78. தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்வதை என் போனிலேயே வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஜவ்வு கிழிந்த அன்று என் கால் எப்படி நின்றதோ அதே கோணம். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அதிலும் ஒரு உள்விஷயம் சொன்னார். நல்ல கால் என்று நாம் நினைக்கிறதும் இத்தனை மாதம் சும்மா இருந்ததில் இளைத்திருக்கும், அதனால் அந்த 78 கூட கொஞ்சம் தாராளமாகப் போட்ட மார்க்தான். 2016-இல் வந்த ஆய்வு ஒன்றில், ஒன்பதாவது மாதம் வரைக்கும் திரும்ப ஆடுவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், மறுபடி முட்டியில் அடிபடுகிற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறதாம். அதற்காக ஒன்பது மாதம் காலண்டரில் நாள் கிழித்தால் போதும் என்று இல்லை, நாளும் ஆகணும், டெஸ்ட்டும் தேறணும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் நாலு ஸ்டார் போடுகிறேன். என் வாய்க்குப் பயந்து "பாத்து ஆடுப்பா" என்று அனுப்பியிருந்தால் ஒருவேளை நான் அந்த மே மாதமே மறுபடி ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பேன்.

எங்கள் டீமில் பாதிப் பேர் நெய்மர் வெறியர்கள். அவருக்கும் இதே முட்டி ஜவ்வுதான், 2023 அக்டோபர் 17 உருகுவே மேட்ச்சில். உலகத்தில் உள்ள மருத்துவம் எல்லாம் கையில் இருக்கிற ஆள், திரும்ப வந்தது 2024 அக்டோபர் 21-இல், ஒரு வருஷம் தாண்டி. வந்த இரண்டாவது மேட்ச்சிலேயே பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். இதைச் சொன்னபிறகுதான் பசங்க என் பேரை லிஸ்ட்டிலிருந்து எடுத்தார்கள்.

நடுவில் நான் பண்ணின ஒரு கூத்தையும் மறைக்கக் கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு, அழகர் ஆற்றில் இறங்குகிற ராத்திரி முழுக்க கோரிப்பாளையம் பக்கம் கூட்டத்தில் நின்றேன், விடியற்காலை ஆற்று மணலில் இறங்கித் தள்ளுமுள்ளில் மாட்டினேன். கள்ளழகரைப் பார்த்தேன், அது சரி. மறுநாள் முட்டி தண்ணி கோத்துக்கொண்டது. திருவிழா முடிந்து சென்டர் திறந்ததும் போய் நின்றால், அக்கா முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஐஸ் பையை எடுத்து வைத்தார். திட்டியிருக்கலாம்.

இங்கே வருகிற கூட்டம் தனி ரகம். முட்டி மாற்று ஆபரேஷன் பண்ணின பாட்டி ஒருவர் என்னைவிட வேகமாக மடக்குவார், "என்ன பேராண்டி, இன்னும் தொண்ணூறு டிகிரி வரலயா" என்று கேலி வேறு. அலங்காநல்லூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் மாடு பிடித்துத் தோள் இறங்கி வந்திருந்தார். மேலூரிலிருந்து ஒரு கபடித் தங்கச்சி, அவளுக்கும் ஏசிஎல்தான், பெண் விளையாட்டு வீரர்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் நடக்கிறது என்று அக்கா சொன்னார். அவளை அனுப்பி வைக்க வீட்டில் தயங்கியதால் நடுவில் ஒரு மாதம் விட்டுப்போய், மறுபடி வந்து சேர்ந்தாள். என்னைவிட நன்றாகத் தாவுகிறாள்.

குறைகள். சாயந்திரம் ஐந்திலிருந்து எட்டு வரை நெருக்கித் தள்ளும், இருக்கிற இரண்டு பிசியோவும் ஆறு பேரைச் சேர்த்துப் பார்ப்பார்கள், நீங்கள் பாட்டுக்குத் தப்பாகச் செய்துகொண்டிருந்தாலும் அரை மணி நேரம் யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு தடவை லெக் பிரஸ்ஸில் எடை கூடிப்போய் பின்தொடை இழுத்துக்கொண்டது, கிராஃப்ட் எடுத்த அதே இடம். பெரிய சார் பேருக்குத்தான் பெரிய சார், வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். தசை பலத்தைத் துல்லியமாக அளக்கிற பெரிய மெஷின் இங்கே இல்லை, கையில் பிடிக்கிற சின்ன மீட்டரை வைத்துத்தான் அளக்கிறார்கள், அதை அவர்களே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். பில் கேட்டால்தான் தருவார்கள். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், ஜெனரேட்டர் கிடையாது, வைகாசி மதியத்தில் அந்த ரூமில் ஒற்றைக்கால் ஸ்குவாட் அடித்துப் பாருங்கள், தெரியும்.

கட்டணம் ஒரு தடவைக்கு 400, பத்துத் தடவை சேர்த்துக் கட்டினால் 3,500. நான் எழுபத்துச் சொச்சம் தடவை போயிருக்கிறேன், 27,000 ரூபாயை ஒட்டி ஆகியிருக்கும். எங்கள் வீட்டுக்கு இது பெரிய காசு. நாலாவது மாதத்துக்கு மேல் அவர்களே "வாரத்துக்கு ஒரு தடவை வா, மத்தத காலேஜ் ஜிம்ல செய்" என்று எழுதிக்கொடுத்துக் குறைத்தார்கள், அதில்தான் தப்பித்தோம். காலேஜில் இருந்து ஒரு ரூபாய் வரவில்லை. டீமுக்கு ஜெர்சி வாங்கித் தருவார்கள், முட்டி நம் சொந்தச் செலவு.

தாவல் டெஸ்ட்டில் எட்டாவது மாதம் 87. ஒன்பதரை மாதத்தில் 94. தேறினபிறகும் நேராக மேட்ச் கிடையாது. முதலில் யாரும் மேலே வராமல் பந்தோடு மட்டும், அப்புறம் டீம் பிராக்டிஸ், அப்புறம் இருபது நிமிடம். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கே அக்கா வந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. கூம்புகளை வைத்து என்னைத் திரும்பவைத்தார், இடது காலை ஊன்றித் திரும்பவேண்டிய இடத்தில் நான் நாலு எட்டு சின்னதாக வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்ததை உடனே கண்டுபிடித்துவிட்டார். கால் தயார், தலை தயாராகவில்லை. அதற்கு உப்புப் பாக்கெட் எதுவும் உதவவில்லை, அங்கேயே நாற்பது ஐம்பது தடவை திரும்பினேன், அவ்வளவுதான்.

எங்கள் பி.டி. சாருக்கு அக்கா ஃபிஃபா 11 பிளஸ் என்கிற வார்ம்-அப்பை பிரின்ட் எடுத்துக் கொடுத்தனுப்பினார். இருபது நிமிடம், பந்துகூட வேண்டாம், காயம் குறைவதாக ஆய்வுகள் இருக்கின்றன. சார் முதலில் "ரெண்டு ரவுண்டு ஓடுனா பத்தாதா" என்றார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நடக்கிறது, மற்ற நாள் இரண்டு ரவுண்டுதான்.

நான் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போகிறேன். போன சனிக்கிழமை பிராக்டிஸ் மேட்ச்சில் இருபத்தைந்து நிமிடம் ஆடினேன், கோல் இல்லை, ஒரு கிராஸ் நன்றாகப் போனது, மறுநாள் முட்டி வீங்கவில்லை. நான் சேர்ந்தபோது "லிப்ட் போடப்போறோம் தம்பி" என்றார்கள், நான் அந்தப் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற நாளும் வந்துவிட்டது, லிப்ட் வரவில்லை. புதிதாகப் போகிறவர்கள் மூன்று மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. ஷார்ட்ஸ், டிஸ்சார்ஜ் சீட்டு, எம்ஆர்ஐ மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். படியில் கைப்பிடி ஒரு பக்கம்தான், ஏறும்போது வலது கைக்கு வரும், இறங்கும்போது இடது கைக்கு. க்ரட்சோடு வருகிறவர்கள் கீழே ஜெராக்ஸ் கடையில் சொன்னால் அந்த அண்ணன் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டு மேலே போன் பண்ணுவார், யாராவது இறங்கி வந்து கூட்டிப்போவார்கள். எனக்கு இது மூன்றாவது மாதம்தான் தெரிந்தது.